ஒரு கை தூரம்

என் அருமைக் கெண்டைக்குஞ்சுக்கு,

எட்டுத் திக்கும் நடுங்கும் நம் நகராட்சி நீச்சல் குளத்தின் நேரம் குறிப்பவர், அதாவது உன் தாய்மாமன், வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்து எழுதுவது: இதில் வருவது யாரும் நம்பாத கதை.

நீ பிறந்ததும் உன் பாதத்தை அளக்க அளவுகோல் போதாமல் ஏணியைக் கொண்டுவந்தார்கள். முதன்முதலில் உன்னைக் குளத்தில் இறக்கியபோது தண்ணீர் பயந்துபோய் இரண்டு படி கீழே இறங்கி நின்றது. இதெல்லாம் நீ நூறு தடவை கேட்டுச் சிரித்தவை.

பயிற்சி விடுதியிலிருந்து உன் கடிதம் வந்தது. "மாமா, எனக்கு என்னமோ ஆயிடுச்சு. இங்க வந்ததுலேருந்து மெதுவாயிட்டேன். பழைய நேரம் ஒரு தடவகூட வரல" என்று எழுதியிருக்கிறாய். பயிற்சியாளருக்குத் தெரியாமல் விடியுமுன் தனியாக நீந்துகிறாயாம். தோள் வலியில் சாப்பாட்டுத் தட்டைத் தூக்க முடியவில்லையாம். படிக்கப் படிக்க மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, அது தேய்ந்து பாதியாகிவிட்டது.

உனக்கு ஒன்றும் ஆகவில்லை, கண்ணு. ஆனது என் கட்டைவிரலுக்கு. அங்கே சுவரில் தகடு பதித்திருக்கிறார்கள். நீ தொட்டால்தான் கடிகாரம் நிற்கும். இங்கே நான் அமுக்கினால் நிற்கும். நீ சுவரைத் தொட இன்னும் ஒரு கை தூரம் இருக்கும்போதே அமுக்கிவிடுவேன். முதல் நாள் ஆசையில். மறுநாள், நேற்றைவிடக் குறைய வேண்டுமே என்று. அந்த விடுதிக்கு ஆள் எடுத்தபோது நான் கையெழுத்திட்ட நேரச் சீட்டைத்தான் கேட்டார்கள். அதை நம்பித்தான் உன்னை அத்தனை தூரம் அழைத்துப் போனார்கள். நீ ஒருநாளும் நீந்தாத நேரத்தைத் துரத்திக்கொண்டிருக்கிறாய்.

நேற்று உன் அம்மாவிடம் சொன்னேன். "உன் வாய்தான் பொய் சொல்லும்னு நெனச்சேன், அண்ணே. வெரலுமா?" என்றாள். கடிகாரத்தை அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

உன் பயிற்சியாளருக்கும் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். அவர் உன்னை அனுப்பிவிடலாம், வைத்துக்கொள்ளவும் செய்யலாம். நீளக் கை, தண்ணீரைப் பிடித்துத் தள்ளத் தெரிந்த உள்ளங்கை, இதெல்லாம் உனக்கு உண்டு என்பேன். பத்து வயதில் உன்னை முந்துகிறவர்களில் பலர் உனக்கு முன்பே உயரமாக வளர்ந்துவிட்டவர்கள், அவ்வளவுதான் என்பேன். ஆனால் இனி என் பேச்சு உனக்கு எதற்கு? அவரிடமே கேள். தோளை இன்றே அவரிடம் காட்டு. மருத்துவர் சரி என்று சொல்லும்வரை தண்ணீரில் இறங்காதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

திட்டியாவது ஒரு வரி எழுது. எங்கே இருந்தாலும் நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் மாமா

பின்குறிப்பு: ஏணி பொய், பயந்த தண்ணீர் பொய், சீட்டில் இருந்த எண் பொய். ஒரு சின்னத் துண்டு மட்டும் நிஜம். சுவரைத் தொட்டுத் தலையைத் தூக்கியதும் எல்லாப் பிள்ளைகளும் கடிகாரத்தைத்தான் பார்ப்பார்கள். நீ ஒருத்திதான் என் முகத்தைப் பார்ப்பாய்.