உன் பாதிக் காந்தம்

அக்கா,

போன வெள்ளிக்கிழமை பொன்னேரி பாத்திரக்கடைக்கு ஒரு குண்டான் வாங்கப் போனேன். அசல் எவர்சில்வர் என்று சொல்லி ஒன்றை எடுத்து வைத்தான். நான் சுருக்குப்பையிலிருந்து காந்தத்தை எடுத்து அதன் அடியில் வைத்தேன். அசலென்றால் ஒட்டக் கூடாது. பட்டென்று ஒட்டிக்கொண்டது. கடைக்காரன் சிரித்தான்.

"இன்னா ஆயா, காந்தமெல்லாம் வச்சிக்கினு சுத்துற? எங்க மேல நம்பிக்க இல்லியா?"

"யார் மேலயும் இல்லப்பா" என்று சொல்லிவிட்டு, குண்டானை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் கையில் இருந்ததைப் பார்த்தேன். ஒரு வளையத்தில் பாதி. உடைந்த ஓரம் இத்தனை வருஷத்தில் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. உடைத்தவள் நீ.

நீ போய் ஒரு மாதம் ஆகிறது. உன் காரியத்துக்கு வந்தேன். உன் வீட்டில் கை நனைக்கவில்லை. உன் மகள் அதைக் கவனித்தாள். கவனிக்கட்டும் என்றுதான் சாப்பிடாமல் எழுந்தேன்.

ரைஸ்மில்லுக்குப் பின்னால் இருந்த அந்தத் தகரக் கொட்டகையில் நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். அறுபதுகளின் கடைசி. அதற்கு முன்னால் இருவரும் அடுத்தவர் வயலில் களையெடுத்தவர்கள்தானே. உலைக்குள் எவ்வளவு சூடு என்று மீட்டரில் முள் காட்டும் இல்லையா, அந்த மீட்டரிலிருந்து உலைக்குள் போகிற கம்பியைச் செய்வது நம் வேலை. இரண்டு விதமான கம்பிகளை முனையில் முறுக்கிப் பற்றவைத்து, பீங்கான் மணிகளைக் கோர்ப்போம். இன்ஜினியர் தெர்மோகப்பிள் என்பார். நமக்கு அது சூட்டுக்கம்பி. இப்போது என் பேரன் தன் கம்பெனியில் செய்வதைக் காட்டி சென்சார் என்கிறான். எனக்குத் தெரியாததா?

இரண்டு கம்பியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒன்றுக்குத்தான் சிவப்பு உறை மாட்ட வேண்டும். மாற்றி மாட்டினால் சூடு ஏற ஏற முள் பின்னால் போகும். கம்பிச் சுருளில் எழுதியிருப்பதெல்லாம் இங்கிலீஷ். நான் மூன்றாவதோடு நின்றவள், நீ அதுவும் இல்லை. நாலாம் நாள், உடைந்த ரேடியோவின் ஸ்பீக்கரிலிருந்து எடுத்த வளையக் காந்தம் ஒன்றை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாய்.

"இத பாருடி. ஒண்ணு ஒட்டுது, ஒண்ணு ஒட்டல. ஒட்டுறதுக்கு செகப்பு. அவ்ளோதான் படிப்பு."

வாசல் கல்லில் ஒரே அடி. காந்தம் இரண்டாக உடைந்தது. எனக்கு ஒரு பாதியைக் கொடுத்தாய். பெரிய பாதியை நீ வைத்துக்கொண்டாய். அன்றைக்கே கவனித்துவிட்டேன்.

ஆரம்பத்தில் நம் சரக்கு மெட்ராஸ் வார்ப்புப் பட்டறைகளைத் தாண்டிப் போனதில்லை. பிறகு அரசாங்கத்தில் வெளிநாட்டுச் சரக்கை உள்ளே விடுவதில்லை என்றார்கள். இரும்பு ஆலை, சிமெண்டு ஆலை, கண்ணாடித் தொழிற்சாலை என்று பேர் தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் கடிதம் வந்தது. முதலாளி சுவரில் பெரிய இந்தியாப் படம் ஒன்றை மாட்டினார். புதிதாக ஓர் ஊரிலிருந்து ஆர்டர் வந்தால், கற்பூரம் காட்டி அந்த ஊரின் மேல் ஒரு குங்குமப் பொட்டு வைப்பார். எல்லோரும் கைதட்டுவார்கள். நான் தட்டவில்லை. பொட்டு கூடக் கூட நம் சாப்பாட்டு நேரம் குறைந்ததை நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

"படம் பெருசாத்தான் கீது. கொட்டகை எங்க பெருசாச்சி?" என்று உன்னிடம் கேட்டேன்.

"ஒனக்கு எதப் பாத்தாலும் சந்தேகம்டி. சாமி நேர்ல வந்தாலும் காந்தம் வச்சிப் பாப்ப."

நீ சொன்னதற்கு நம் வேலைப் பெஞ்சே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் நடந்தது இதுதான்: முன்பெல்லாம் ஒவ்வொரு கம்பியையும் கொதிக்கிற தண்ணீரில் விட்டு, முள் சரியாக ஏறுகிறதா என்று பார்த்துத்தான் அனுப்புவோம். ஆர்டர் குவிந்த பிறகு நேரமில்லை. மொத்தச் சரக்கில் ஏதாவது ஒன்றை மட்டும் முக்கிப் பார்த்தால் போதும் என்றார்கள். அந்த ஒன்றை எடுக்கும் வேலை உன் கையில் வந்தது.

அப்புறம் கும்மிடிப்பூண்டியில் புதுக் கொட்டகை போடப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. நம் இருவரில் ஒருத்தியை அங்கே பெண்களுக்கு மேஸ்திரியாகப் போடுவார்கள். அப்படிப் போகிறவள் பர்மனெண்ட். பர்மனெண்ட் என்றால் குடும்பத்துக்கே கம்பெனி செலவில் வைத்தியம் பார்க்கிற ஆஸ்பத்திரிச் சீட்டு. என் வீட்டுக்காரர் அப்போது மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருந்தார். அது உனக்குத் தெரியும். உன் கையால் அவருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொண்டு வந்தவள்தானே நீ.

அந்தச் சமயத்தில்தான் இன்னும் அதிகச் சூட்டைத் தாங்கும் புதுக் கம்பி வந்தது. வடக்கே ஓர் இரும்பு ஆலைக்கு. அந்த வேலைக்கு நம் இரண்டு பேரை மட்டும் போட்டார்கள். இன்ஜினியர் உன்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். நீ வெளியே வந்ததும் கேட்டேன்.

"இன்னாக்கா சொன்னாரு?"

"ஒண்ணுமில்லடி. கைய சுத்தமா வச்சிக்கணுமாம்."

ஒரு சொல் குறையாமல் நீ சொன்னது இதுதான். சொல்லும்போது புடவையில் கை துடைத்துக்கொண்டாய். உன் கையில் ஈரமே இல்லை.

இன்ஜினியர் உன்னிடம் சொன்னது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. புதுக் கம்பியில் முறை தலைகீழ். காந்தத்தில் ஒட்டாததற்குத்தான் சிவப்பு. நானோ பழையபடியே ஒட்டுவதற்குச் சிவப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். பழைய கம்பி காந்தத்தைக் கண்டால் பாயும். இது சோம்பலாக வந்து ஒட்டியது. அப்போதே எனக்கு உறுத்தியது.

அவரவர் கட்டுக்கு அவரவர் நூல் கட்டுவோம். உனக்கு மஞ்சள், எனக்கு நீலம். இரண்டும் சேர்ந்தே போயின. முக்கிப் பார்க்க நீ எடுத்த ஒன்று மஞ்சளிலிருந்துதான் இருக்கும். ஒரு மாதம் கழித்துப் பெட்டி திரும்பி வந்தது. உலை தகதகவென்று எரிகிறது, முள் மட்டும் பூஜ்யத்துக்குக் கீழே படுத்துக்கிடக்கிறது என்று கடிதம். முதலாளி கட்டுகளைப் பிரித்து ஒவ்வொன்றாகத் தண்ணீரில் முக்கச் சொன்னார். நீலம் எல்லாம் தப்பு. மஞ்சள் எல்லாம் சரி.

"ஒன் கட்டு மட்டும் எப்டிக்கா சரியா கீது?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

"நான் சொன்னேன்டி. நீதான் காதுல வாங்கல."

"என்னிக்கி சொன்ன? எங்க வச்சி சொன்ன? அப்போ நான் இன்னா செஞ்சிக்கினு இருந்தேன்? சொல்லு!"

நீ என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த குங்குமப் பொட்டுகளைப் பார்த்தாய்.

"பேஜாரு பண்ணாதீங்க" என்றார் முதலாளி. "நீல நூலு யாருது? அவ இனிமே பெஞ்சுக்கு வேணாம்."

என்னை வைக்கோல் சுற்றிப் பெட்டி அடைக்கிற வேலைக்குத் தள்ளினார்கள். நீ கும்மிடிப்பூண்டிக்கு மேஸ்திரியாகப் போனாய். காலையில் பொன்னேரி ஸ்டேஷனில் நீ அந்தப் பக்கம் நிற்பாய். நான் இந்தப் பக்கம், வீட்டுக்காரரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்குப் போகிற வண்டிக்காக நிற்பேன். இரண்டு தரம் நீ கை தூக்கினாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நாலு வருஷம் அப்படி அலைந்தேன். அதற்குமேல் அவரே இல்லை. வரிசையில் நின்ற ஒவ்வொரு நாளும் உன்னைச் சபித்தேன். அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

காரியத்தன்று கிளம்பும்போது உன் மகள் வாசல்வரை வந்து ஒரு துணிப் பொட்டலத்தைக் கையில் வைத்தாள்.

"சின்னம்மா, அம்மா இத ஒங்களாண்ட குடுக்கச் சொல்லிச்சி."

"வேற இன்னா சொல்லிச்சி?"

"ஒண்ணும் சொல்லல. அவளுக்குத் தெரியும்னு மட்டும் சொல்லிச்சி."

பிரித்தால் உன் பாதிக் காந்தம். எனக்கு என்ன தெரியும் என்கிறாய்? மன்னிப்பா இது? இல்லை, போகிற நேரத்திலும் 'நான் சொன்னேன்டி' என்கிறாயா? அன்றிலிருந்து இதையே உருட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் எனக்குத் தெரிந்தது ஒன்று உண்டு. உனக்கு அது எப்படித் தெரியும் என்பதுதான் பயமாக இருக்கிறது.

வெளியே எங்கும் நான் சொல்லாதது அது. சரக்கு போவதற்கு முந்தின நாள் மத்தியானம், நீங்கள் எல்லோரும் கை கழுவப் போயிருந்தீர்கள். டீக்கு வைத்த தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. என் நீலக் கட்டிலிருந்து ஒரு கம்பியை உருவி, மீட்டரில் மாட்டி, முக்கிப் பார்த்தேன். முள் பின்னால் போய் ஆணியில் இடித்து நின்றது.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நீதான் மீட்டருக்குப் பின்னால் இணைப்பை மாற்றி வைத்திருக்கிறாய் என்று நினைத்தேன். நான் பயந்துபோய் என் கட்டைப் பிரித்து மறுபடி கோர்க்க வேண்டும், பின்தங்க வேண்டும், மேஸ்திரி வேலை உனக்குப் போக வேண்டும் என்பது உன் கணக்கு என்று நினைத்தேன். உன் மஞ்சள் கட்டு கை எட்டுகிற தூரத்தில் கிடந்தது. அதிலிருந்து ஒன்றை முக்கியிருந்தால் அந்த நிமிஷமே விளங்கியிருக்கும். தொடவில்லை. தொட்டால் திருடினேன் என்பாய். கம்பியைத் துடைத்து, கட்டில் செருகி, நீல நூலை இறுக்கிக் கட்டினேன். பெட்டி திரும்பி வந்த அன்று கொட்டகையே வாயைப் பிளந்தது. எனக்கு மட்டும் ஆச்சரியம் இல்லை.

நீ அதைப் பார்த்தாயா அக்கா? பார்த்துவிட்டுத்தான் இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தாயா? இருந்தாலும், நீ சொல்லாமல் விட்டது சொல்லாமல் விட்டதுதான். அதை நான் விடுவதாக இல்லை.

பாத்திரக்கடையிலிருந்து வந்த அன்று இரண்டு பாதியையும் எடுத்து, உடைந்த ஓரத்தோடு ஓரம் வைத்துச் சேர்த்துப் பார்த்தேன். சேரவில்லை. கிட்டே கொண்டுபோனால் ஒன்றை ஒன்று தள்ளியது. அழுத்திப் பிடித்தால் விரலிலிருந்து நழுவி ஓடியது. ஒன்றைக் கவிழ்த்து வைத்தேன். டக்கென்று ஒட்டிக்கொண்டது. பிரிக்க நகம் போதவில்லை.

அப்படியேதான் சுருக்குப்பையில் கிடக்கின்றன. எதைக் கவிழ்த்தேன் என்று கேட்காதே. நாளைக்கு எவரும் மாற்றிச் சொல்லிவிடக் கூடாது என்று சின்னப் பாதியில் நீல நூல் கட்டியிருக்கிறேன். உன்னுடையதற்கு மஞ்சள் நூல் தேடினேன். வீட்டில் இல்லை. வாங்க வேண்டும்.