கவர் வெளுத்துடுச்சி மாமா

மாமா, நான் தனக்கோடிதான். இருபது வயசாகியும் புத்தி வரலன்னு திட்டினீங்களே, அவன்தான். ஓடிப்போவல. உங்க வண்டி இஞ்சின் கவருக்கு, ஆயில் ஒழுகாம நடுவுல வெக்கற பேக்கிங் வாங்க பஸ் ஸ்டாண்டாண்ட போயிருக்கறேன்.

கவரு பளபளன்னு வந்துடுச்சி மாமா! பட்டுநூல் வேக வெக்கற சோடாத் தண்ணியில போட்டா எண்ணெப் பிசுக்கு போவும்னு நெனச்சித்தான் போட்டேன். அதுல நூலு வெளுக்கும், அலுமினியம் கறுக்கும்னு எனக்குத் தெரியாது. ரெண்டு நாளா நீங்க பேசாததுல சோறே எறங்கல. அக்கா வேற, "உன்ன நம்மூரு தெள்ளாருக்கே பஸ் ஏத்திடுவாருடா"ன்னு சொல்லிகினு இருந்துச்சி.

காலையிலருந்து வாட்டர் பேப்பர்ல தேச்சேன். அப்புறம் பித்தளை பாலீஷ் போட்டேன். பாத்தா என் பல்லு தெரியுது, சிரிச்சிட்டேன்! மறுபடி மங்காம இருக்க, பெட்ரோல்ல தொடச்சி, கலரில்லாத லேக்கர் அடிச்சி மாடியில காய வெச்சிருக்கறேன். காஞ்சிடுச்சான்னு வெரல் வெச்சிப் பாக்காதீங்க, ரேகை விழுந்துடும்.

அக்கா தறியில இருக்குது. கொழம்பு அடுப்பு மேலயே இருக்குது.

ஆங், வண்டிய ஒதைச்சி ஸ்டார்ட் பண்ணிடாதீங்க, ஆயில் எறக்கி இருக்கறேன்.

நான் வந்ததும், "டேய், ஸ்பேனர் எடு"ன்னு நீங்களே வாயத் தொறந்து கேளுங்க மாமா.