இல்லாத துரைக்கு இறங்கியவனுக்கு

தபால் பையின் வாயைத் திறந்தால் முதலில் உன் பீடி வாடைதான் வருகிறது. மழை பெய்த மறுநாள் இன்னும் கூடுதலாக வரும். இன்று காலையும் வந்தது. நீ செத்து ஏழு மாதம் ஆகிறது. பை தேயிலைத் தோட்டத்துடையது, சைக்கிள் தோட்டத்துடையது, பாதையும் அவர்களுடையதுதான். இந்த வாடை ஒன்றுதான் உன்னுடையது. அதைக் கழுவச் சொல்லி இன்னும் யாரும் உத்தரவு போடவில்லை.

ஆமாம், உன் வேலையை இப்போது நான்தான் செய்கிறேன். விடிந்ததும் ஆபீஸில் பையை வாங்கிக்கொண்டு கொட்டகலைத் தபால் கந்தோருக்குப் போக வேண்டும். நாலு மைல். நாம் வரிசையாகக் குடியிருக்கிற லயங்களைத் தாண்டிவிட்டால் ஒரு ஆள் கிடையாது. மிதிக்காமலே சைக்கிள் உருளும். பனி காதைக் கடிக்கும். கீழே எங்கேயோ ரயில் கூவும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. கங்காணியின் வாய் இல்லை, கணக்கப்பிள்ளையின் பிரம்பு இல்லை. உண்மையைச் சொல்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் என்னைத் தின்கிறது. நீ எதற்காக இந்த வேலையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாய் என்பது, நீ செத்து உன் சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

அன்று நான் உன்னை எவ்வளவு கேவலமாகப் பேசியிருக்கிறேன்! துரையின் ஜீப் வந்தால் சைக்கிளில் போகிறவன் இறங்கி, ஓரமாக நின்று, தொப்பியைக் கழற்ற வேண்டும். இது எங்கும் எழுதி வைத்த சட்டம் இல்லை. எழுதாததால் இதை எதிர்த்து ஒரு மனுவும் எழுத முடியாது. நாடு சுதந்திரம் வாங்கியது. கொடி மாறியது. வெள்ளைத் துரை போய்க் கறுத்த துரை வந்தான். நாம் இறங்குவது மட்டும் மாறவில்லை. நீ ஒரு நாள் விடாமல் இறங்கினாய்.

"ஏன்டா மாப்ள, மோட்டார் சத்தம் கேட்டாலே ஒன் காலு தரையத் தேடுதே, கூச்சமா இல்லையா?" என்று பீலிக்கரையில் எல்லோர் முன்னாலும் கேட்டேன். தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய்.

"எறங்குறது ஒரு நிமிசம்டா. மிச்ச நாலு மைலுக்கும் நான்தான் தொரை. நீ கவ்வாத்துக் கத்தியோட நாளெல்லாம் குனிஞ்சு நிக்கிறியே, ஒனக்கு எந்த நிமிசம்டா ஒன்னுது?"

 அந்தக் கோபத்தில் இரண்டு நாள் உன்னோடு பேசாமல் இருந்தேன்.

நீ விழுந்ததை நான் பார்த்தேன். பாதைக்கு மேலே உள்ள மலையில் செடி வெட்டிக்கொண்டிருந்தேன். நீ இறக்கத்தில் வந்தாய். அவசரமில்லாமல், எதையோ முணுமுணுத்துக்கொண்டு வந்தாய். வளைவுக்கு அந்தப் பக்கம் ஜீப் ஏறுகிற சத்தம் கேட்டது. நீ பிரேக்கைப் பிடித்தாய். ஈரத்தில் சைக்கிள் நிற்கவில்லை. வேறு நாட்டுக்காரனாக இருந்தால் இரண்டு கையாலும் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு அப்படியே போயிருப்பான். உன் ஒரு கை தொப்பிக்குப் போனது. ஒரு காலைத் தூக்கி இறங்கப் பார்த்தாய். சைக்கிள் திரும்பி உன்னைத் தூக்கி எறிந்தது. தண்ணீர்க் கானோரத்துக் கருங்கல்லில் உன் தலை மோதிய சத்தம் மேலே நின்ற எனக்கும் கேட்டது. நான் ஓடி வந்தபோதும் தொப்பி உன் கையில் இருந்தது.

ஜீப் வந்து நின்றது. அதில் துரை இல்லை. டிரைவரும், துரைசாணிக்குக் கொண்டுபோகிற இரண்டு கூடை முட்டைக்கோசும்தான் இருந்தன.

மூன்றாம் நாள் பெரிய கிளாக்கர் என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்.

"என்னடா கண்டே? ஜீப்பு மோதுச்சா?"

"இல்லைங்க ஐயா."

"அப்ப வேகமா வந்து தானா விழுந்தான். சரிதானே?"

"தொரைக்காக எறங்குனானுங்க ஐயா."

"தொரை ஜீப்புல இருந்தாங்களா?"

"இல்லைங்க."

"இல்லாத தொரைக்கு எவன்டா எறங்குவான்?"

சின்னக் கிளாக்கர் சிரித்தார். வாசலில் நின்ற காவல்காரனும் சிரித்தான். அவன் நம் லயத்து ஆள்.  மேலே ஒரு வார்த்தை பேசினால் அப்பாவை வேலையிலிருந்து நிறுத்திப் பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்து, நாளைக்கே லயத்துக் காம்பிராவைக் காலி செய்யச் சொல்வார்கள். நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். கிளாக்கர் அதைத் தூக்கிப் பார்த்தார். "அட, எழுத்து முத்து முத்தா இருக்கே. அஞ்சாம் வகுப்பா? வெலாசம் வாசிப்பியா?" என்றார். அடுத்த திங்கட்கிழமை சைக்கிள் என்னிடம் வந்தது. நீ விழுந்ததில் வளைந்த ஹாண்டிலை நிமிர்த்திக் கொடுத்திருந்தார்கள்.

பையில் என்ன கொண்டுவருகிறேன் தெரியுமா? துரைக்கு லண்டன் பத்திரிகை. நம் ஆட்களுக்கு நீளமான காக்கி உறை. பிரஜாவுரிமை மனு தள்ளுபடி. இங்கேயே பிறந்தவனிடம் நீ இந்த நாட்டுக்காரன் இல்லை என்று அச்சடித்துச் சொல்கிறார்கள். அதையும் நானே வாசித்துக் காட்டுகிறேன். நீ செத்த மறு மாதம் உன் பெயருக்கும் ஒன்று வந்தது. அதை உன் அம்மாவிடம் கொடுக்கவில்லை. செத்தவனையும் தள்ளுபடி செய்திருக்கிறார்கள் என்று எப்படிச் சொல்வது?

இன்று காலை உன் அம்மா என்னை லயத்து முனையில் நிறுத்தினார். கொழுந்துக் கூடை முதுகில் இருந்தது.

"தம்பி, ஒன்னு கேக்கணும். வேகமா வந்து விழுந்தான்னு எல்லாரும் சொல்றாங்க. அவன் வேகமா ஓட்டுற புள்ளை இல்லையே. நீதானே பாத்தே?"

ஏழு மாதம் அவர் கண்ணில் படாமல் வேறு பாதையில் சுற்றிப் போனவன் நான். இன்று வேறு வழியில்லை. சொல்லிவிட்டேன்.

"இல்ல பெரியம்மா. மெதுவாத்தான் வந்தான். தொரை வர்றாருன்னு எறங்குனான். தொப்பியக் கழட்டப் போயி விழுந்துட்டான். நான் ஆபீசுல பொய்க்குக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

முகத்தில் துப்புவார் என்று நின்றேன். துப்பட்டும் என்றுகூட இருந்தது. அவர் நெற்றியில் கிடந்த கூடைக் கயிற்றைச் சரி செய்தார்.

"சத்தம் கேட்டதுமே எறங்கிடு சாமின்னு தெனமும் நான்தான் சொல்லி அனுப்புவேன்" என்றார். "சொன்னதக் கேட்டிருக்கான்."

கொஞ்ச தூரம் நடந்து போனவர் திரும்பி வந்தார். என் சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டார். பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற குரலில் பேசினார்.

"நீயும் எறங்கிடு சாமி. ஆனா மொதல்ல ரெண்டு காலையும் கீழ ஊனிக்க. அப்புறமாத் தொப்பிய எடு."

அதற்குப் பிறகு பாதை எப்போதும் போலத்தான் இருந்தது. ஆள் இல்லை, பனி, மிதிக்காமல் உருளும் சைக்கிள். ஒரு மைல் வரைக்கும் எனக்குள் பெரிய பேச்சு நடந்தது. இனிமேல் எவனுக்கும் இறங்க மாட்டேன், உனக்காகவாவது இறங்க மாட்டேன் என்றெல்லாம் சொல்லிக்கொண்டேன். அதற்கு என்ன நடந்தாலும் நடக்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

ஒரு திருப்பத்தில் ஏதோ வண்டி ஏறி வருகிற சத்தம். என்ன வண்டி, யார் வருகிறார்கள் என்று நான் பார்க்கவில்லை.

முதலில் இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டேன். பிறகு தொப்பியை எடுத்தேன்.