பதினோரு வீடு

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டவர் கிருபையில் சுகமாக இருக்கிறேன். உனக்காகவும் மாமாவுக்காகவும் தினமும் முழங்கால் போட்டு ஜெபிக்கிறேன். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலையை நிரந்தரமாக்கிவிட்டார்கள். காலை முழுக்கப் படுக்கை விரிப்பு மடித்து மடித்து இடுப்பு கழன்றுவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொன்னேன். பதினோரு வீட்டில் பூட்டு உடைத்தவனை ஆண்டவர் தூக்கியெடுத்தார் என்றதும் பாதிப் பேர் அழுதுவிட்டார்கள். அடுத்த மாதம் பெரிய சபையிலும் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

ஒருமுறை வீட்டுக்கு வரட்டுமா? மாமாவிடம் கேட்டுச் சொல்.

உன் தம்பி

மார்ச் 15

என் அருமைத் தம்பிக்கு,

வேலை நிரந்தரமானதில் வயிறு குளிர்ந்தது. நேரத்துக்குச் சாப்பிடு.

அதென்ன பதினோரு வீடு? ஒவ்வொரு வாய்தாவுக்கும் கோர்ட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் நான். வழக்கு இரண்டு வீட்டுக்குத்தான். மீதி ஒன்பதை ஞானஸ்நானம் வாங்கிய பிறகா உடைத்தாய்?

சிரிக்காதே. இல்லாத வீடுகளைச் சேர்த்த நீ, இருந்த ஒரு வீட்டை விட்டுவிட்டாய். போலீசுக்கே போகாத வீடு. என் தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு போனாயே, அந்த வீடு. இன்றைக்கும் கம்பெனியில் அடுத்தவர் மிஷினில்தான் தைக்கிறேன். ஏழு வருஷத்தில் ஒரு கடிதத்திலாவது நீ அதைப்பற்றி வாய் திறந்தாயா? உன்மேல் எனக்குப் பாசம் குறையவில்லை. ஆனால் மாமா, "ஒத்துக்காதவன் திரும்பவும் செய்வான்" என்கிறார். அதனால் இப்போதைக்கு வர வேண்டாம்.

அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

முதல் தடவை ஐந்து வீடு என்றுதான் சொன்னேன். ஐந்துக்குக் கூட்டத்திலிருந்து ஒன்றிரண்டு 'ஸ்தோத்திரம்' வந்தது, எட்டுக்கு நிறைய வந்தது. பாவம் பெரிதானால் ஆண்டவருக்கு மகிமையும் பெரிது என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

நேற்று பெரிய சபையில், "பதினொண்ணு பொய்யி. ரெண்டு வீடுதான். அதுக்கு முன்னாடி எங்க அக்கா வீடு" என்றேன். ஒரு 'ஸ்தோத்திரம்'கூட வரவில்லை. போதகர் தொண்டையைச் செருமினார். இறங்கி வந்து உட்கார்ந்தால், பக்கத்திலிருந்த அம்மா கைப்பையை அந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டார். பதினோரு வீட்டுக்கு இப்படி ஒருவரும் பையை நகர்த்தியதில்லை!

இனி என்னைப் பேசக் கூப்பிட மாட்டார்கள். போகட்டும். அக்கா, நான்தான் எடுத்தேன். உன் பிழைப்பையே எடுத்துவிட்டேன். வெட்கத்தில் இத்தனை வருஷம் ஊமையாக இருந்தேன், மன்னித்துவிடு. வரட்டுமா என்று இனிக் கேட்க மாட்டேன்.

தம்பி

ஏப்ரல் 11

என் செல்லத் தம்பிக்கு,

உன் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவரே இன்னொரு தரம் படித்தார். "சனிக்கிழமை வரச் சொல்லு" என்றார். நான் அழுதேன்.

அவரோ செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று கேட்டதற்கு, "அன்னைக்கு நீ கம்பெனிக்குப் போயிருப்ப, நானும் வேலைக்குப் போயிருப்பேன். வர்ற பிள்ள வாசல்லயா நிப்பான்?" என்று எரிந்து விழுந்தார். வாசல் கதவுக்கு இன்னொரு சாவி செய்து வாங்கி வந்தார். இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன்.

சாவியைப் போட்டே திற. பழக்கதோஷத்தில் வேறெதையும் செய்து தொலைக்காதே.

உன் அக்கா