அறுப்பு முடிந்த வயலில் ராக்கெட்

8.2.98, ஞாயிறு

உடம்பு அடித்துப் போட்டாற்போல இருக்கிறது. தூக்கம்தான் வரவில்லை.

இன்று ராக்கெட் விட்டேன். பட்டாசு மருந்தைத் தொடுவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன். தண்ணீரும் காற்றும் போதும். அழுத்தம் தாங்க வேண்டுமே என்று கீறல் விழாத கூல்டிரிங்ஸ் பாட்டிலாகப் பொறுக்கி எடுத்தேன். சைக்கிள் கடையில் பம்பும் நீளமான டியூபும் வாங்கினேன். துபாயில் வெல்டிங் பட்டறையில் போட்ட கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். கரண்ட் கம்பி போகாத இடமாகத் தேடி, அறுப்பு முடிந்து காலியாகக் கிடந்த கோவிந்தன் அண்ணன் வயலில் வைத்தேன். வேடிக்கை பார்க்க வந்த நாற்பது பேரையும் தொண்டை வற்றக் கத்தி, முப்பதடி தள்ளி வட்டமாக நிறுத்தினேன்.

பாட்டில் தென்னை உயரம் போனது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

அப்புறம் அண்ணன் வந்தார். சத்தம் போடவில்லை.

"எல்லாரையும் பத்திரமாத்தான் நிக்க வெச்சே தம்பி. எது மேல நிக்க வெச்சேன்னு கொஞ்சம் குனிஞ்சு பாரு."

அறுப்பில் மிஞ்சி நின்ற அரிதாளுக்கு நடுவே இரண்டு இலை விட்ட உளுந்து, வட்டமாக நசுங்கிக் கிடந்தது.

அறுப்புக்கு முன்பே நெல்லுக்குள் உளுந்து தெளித்துவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியாததா? துபாய் போவதற்கு முந்தின வருஷம், அதே வயலில் அண்ணனோடு நின்று தெளித்தவனே நான்தான்.