வாசலில் அப்பாவின் பூட்ஸ்

அன்புள்ள அப்பாவுக்கு,

மார்னி எழுதுகிறேன். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நலம். இந்தத் தேசியப் பூங்காவில் முகாமைப் பார்த்துக்கொள்ளும் வேலை அப்படியொன்றும் சிரமமில்லை. பைன் மரங்களுக்கு நடுவே என் கேரவன் நிற்கிறது.

தனியாகத் தங்கும் பெண்கள் எல்லோரும் செய்வதுபோல் நானும் உங்கள் பழைய பூட்ஸை வாசலில் வைத்திருக்கிறேன். உள்ளே ஆண்துணை இருக்கிறது என்று போகிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

பக்கத்துக் கேரவன்காரர் வெர்னன் மேல்தான் எனக்குச் சந்தேகம். அவர் வாசலில் இரண்டு நாற்காலிகளும் ஒரு ஜோடிப் பெண்கள் செருப்பும் இருக்கும். ஆனால் அந்த அம்மாளை ஒருவரும் பார்த்ததில்லை. மனிதரோ என் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். பூங்காவின் ரேஞ்சரிடம் சொல்லிவிடலாம் என்றிருந்தேன்.

நேற்று ரேஞ்சரே வெர்னனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஏம்மா, உன் வீட்டுக்காரர் எங்க? ஆளையே காணோம், நீ ஏதாவது பண்ணிட்டியோன்னு இவர் சொல்றாரு."

உண்மையைச் சொன்னேன். வெர்னன் சிரிக்கவில்லை.

"பூட்ஸ்ல மழைத்தண்ணி ரொம்பி நிக்குது. எவன் நம்புவான்? தினம் இடம் மாத்தி வைக்கணும். எங்க வீட்டம்மா செருப்பை நான் அப்படித்தான் வைக்கிறேன்."

"அவங்க எங்க?" என்று கேட்டேன்.

"தவறிப்போய் மூணு வருஷமாச்சு."

நம்புவதா வேண்டாமா என்று இன்னும் தெரியவில்லை. ஆனாலும் இன்று காலை பூட்ஸை நகர்த்தி வைத்தேன்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. காப்பித்தூளும் கம்பளிச் சாக்ஸும் அனுப்புங்கள். இன்னொரு ஜோடி பூட்ஸும் வேண்டும். அதை மட்டும் பார்சலில் போடாமல், காலில் போட்டுக்கொண்டு வாருங்கள்.

மார்னி