மோட்டாரின் பச்சைப் படம்

12 ஆகஸ்ட் 2008, செவ்வாய்

கம்பெனியில் அம்மா ஓட்டும் நூல் சுற்றும் மெஷினில் இரண்டாவது முறையாக மோட்டார் எரிந்துபோனது. புதிதாக மாட்டியதை இன்று ஒரு இன்ஜினியர் அளந்து, உள்ளே காற்றும் சூடும் எப்படி ஓடும் என்று கம்ப்யூட்டரில் படமாக ஓட்டிக் காட்டினார். சூடான இடம் சிவப்பாகத் தெரியுமாம். எங்கள் மோட்டார் முழுக்கப் பச்சை.

"காத்து நல்லாத்தான் போகுதுங்க," என்றார்.

"அப்ப ஓட்டறவங்க மேலதானுங்க தப்பு," என்றார் ஃபிட்டர்.

முதலாளி என் அம்மாவைப் பார்த்தார். "நாளைக்கும் ஒருக்கா பாத்துட்டு, உங்களை வெக்கறதா வேண்டாமான்னு சொல்றனுங்க."

மோட்டாரின் விசிறி மூடியில் எப்போதும் பஞ்சு போர்வைபோல அடைத்திருக்கும். அதை ஊதி எடுப்பது ஃபிட்டரின் வேலை. ஒரு நாளும் செய்ததில்லை. இன்று மட்டும் இன்ஜினியர் வருவதற்கு முன்பே காற்றடிக்கும் ஏர் கன்னால் ஊதிக்கொண்டிருந்தார். அம்மாவோடு போயிருந்த என்னைக் கண்டதும், "என்ன கண்ணு, சாப்டாச்சா?" என்றார். இதுவரை என்னிடம் பேசியதே இல்லை.

இன்ஜினியருக்குப் பக்கத்தில்தான் நின்றேன். சொல்ல வாய் வரவில்லை.

மாலையில் மூடி மறுபடியும் பஞ்சாக இருந்தது. மோட்டாரில் சூட்டுக்குக் கை வைக்க முடியவில்லை. நாளையும் ஃபிட்டர் இன்ஜினியருக்கு முன்னதாகவே ஊத வருவார். வரட்டும். கம்பெனியில் இருக்கும் ஒரே ஏர் கன் என் சாப்பாட்டுப் பையில் இருக்கிறது. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.